உச்சி நேரத்து ஜாதகம்

அன்று கடைக்குள் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஜாதகக் கடை அக்கா, அவருடைய தங்கை சின்னக்கா, மாமல்லபுரத்திலிருந்து வந்திருந்த கல்பட்டறை அம்மா, கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற நான். பட்டறை அம்மாவின் மகன் மட்டும் இல்லை. அவர் உயிரோடு இருப்பாரா மாட்டாரா என்பதுதான் பேச்சு. ஆனால் அவரை யாரும் கூப்பிடவில்லை. சின்னக்காவை அவருக்குக் கட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்பது அன்று மதியம் முடிவாக வேண்டும். மேசைமேல் விரித்த செய்தித்தாளில் இரண்டு ரேம் பலகைகள் கிடந்தன. ஒரு சாணுக்கும் குறைவான நீளம், பச்சை நிறம், முதுகில் எட்டுக் கறுப்புச் சிப்புகள், கீழ் விளிம்பில் பொன்னிறப் பற்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். அவற்றில் ஒன்று, இந்தக் கல்யாணம் நடந்தால் மாப்பிள்ளை போய்விடுவார் என்றது. மற்றது அப்படி எதுவும் சொல்லவில்லை.

அக்காவின் கடை திருப்போரூரில், கோயிலுக்குப் போகிற தெருவில், ஒரு அர்ச்சனைக் கடைக்கும் செருப்பு விடுகிற இடத்துக்கும் நடுவில் இருந்தது. மேலே சிமெண்ட் ஷீட் கூரை, உள்ளே ஒரு கம்ப்யூட்டர், கிறீச்சென்று கத்தும் ஒரு பிரிண்டர், இரண்டு ஸ்டூல். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் சொன்னால் கட்டம் போட்டு, பலன் எழுதி, நீளமான காகிதத்தில் ஜாதகம் வந்துவிடும். பொருத்தமும் பார்த்துக் கொடுக்கும். அந்த வருடங்களில் கையால் கணித்த ஜாதகத்தைவிடக் கம்ப்யூட்டர் ஜாதகத்துக்குத்தான் மதிப்பு. அக்கா வாய் ஓயாத பேர்வழி. “முருகன் அங்க வேல் வெச்சுகினு நிக்கறாரு, நான் இங்க மவுஸ் வெச்சுகினு குந்திகினு கீறேன், ரெண்டு பேருக்கும் கூட்டம்தான்” என்பார். செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த கடையிலிருந்து மாதம் ஒருமுறை அவருடைய கம்ப்யூட்டரைத் துடைத்து, பார்த்துவிட்டு வருவது என் பொறுப்பு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக் முடித்து இந்த வேலையில் சேர்ந்தபோது, நான் என்ன செய்கிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியாமல், “டப்பாவுக்கு வைத்தியம் பாக்கறான்” என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ஒருநாள் எனக்கும் இலவசமாக ஜாதகம் எடுத்துத் தருகிறேன் என்று பிறந்த நேரத்தைக் கேட்டார். எனக்கு நேரம் கிடையாது. தேதிகூடப் பள்ளியில் சேர்த்தபோது தலைமை ஆசிரியர் போட்டதுதான். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம், அன்று காலையில் எங்கள் மாடு கன்று போட்டது, சாயந்திரம் மழை வந்தது, நடுவில் நான் பிறந்தேன் என்பது மட்டும். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அந்தக் கன்னுக்குட்டிக்கு ஒண்ணு எடுத்தா உனக்கும் சேத்து எடுத்துடலாம்டா தம்பி.” நானும் சிரித்தேன். அந்தத் தெருவில் அந்த மிஷின் ஒரு வார்த்தையும் சொல்ல முடியாத ஒரே ஆள் நான்தான் என்று அப்போது தோன்றவில்லை. பிறகு தோன்றியது.

கோயில் நடையை மதியம் சாத்துவார்கள், மாலையில்தான் திறப்பார்கள். அந்த இடைவேளையில் தெரு அப்படியே கிடக்கும். தேங்காய் உடைக்கிற சத்தமும் இருக்காது, கூப்பிடுகிற குரலும் இருக்காது. நடை சாத்திய பிறகு அக்கா கடையில் எடுக்கிற ஜாதகம் உள்ளதை உள்ளபடி சொல்லும் என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பியிருந்தது. சாமி விழித்திருக்கும்போது மிஷின் கெட்டதைச் சொல்லத் துணியாதாம். நடை சாத்தினால் வாய் திறக்குமாம். முதலில் யாரோ ஒருவர், காலையில் எடுத்த ஜாதகத்தைப் பேருந்தில் தொலைத்துவிட்டு மதியம் வந்து இன்னொரு பிரதி கேட்டிருக்கிறார். இரண்டாவதில் முதலில் இல்லாத ஒரு கண்டம் இருந்தது. அந்த மாதமே அவர் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். கேளம்பாக்கம், மானாம்பதி என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் சரியாக உச்சிப் பொழுதுக்கு வந்து நிற்கத் தொடங்கினார்கள். வந்தவர்கள் பேசமாட்டார்கள். காகிதத்தை வாங்கி மடித்து, படிக்காமலே எடுத்துக்கொண்டு போவார்கள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. மதியம் ஆனால் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். சின்னக்காதான் கடையில் உட்காருவாள்.

சின்னக்கா என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ மூத்தவள். அவளுக்கு மாமல்லபுரத்தில் ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை சிற்பி. அப்பா இல்லை, அம்மாதான் பட்டறையை நடத்தினார். அதற்கு முன்பு திருவிடந்தைப் பெருமாளிடம் கல்யாணம் கூடிவர வேண்டி, மாலை போட்டுக் கோயிலைச் சுற்றிவந்து, அந்த மாலையைச் சின்னக்கா வீட்டில் மாட்டியிருந்தாள். கல்யாணம் முடிந்ததும் அந்தப் பழைய மாலையோடு தம்பதியாக அங்கே போக வேண்டும் என்பது வழக்கம். மாலை காய்வதற்குள் வரன் வந்துவிட்டது என்று அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு காலையில் தானே மிஷினில் தட்டிப் பொருத்தம் பார்த்தார். சின்னக்காவுக்குச் சித்திரை நட்சத்திரம், மாப்பிள்ளைக்கு ரோகிணி. ரஜ்ஜு உட்பட எல்லாம் நன்றாகவே இருந்தது. ரஜ்ஜு என்றால் கயிறு; தாலிக் கயிற்றின் ஆயுள் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் முன்பின் இருந்தாலும் அது ஒன்று இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் பட்டறை அம்மா கடைக்கு வந்தார். உச்சி நேரத்துப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. நேரம் பார்த்துத்தான் வந்தார். வருங்கால மாமியாரைப் பார்த்த மகிழ்ச்சியில் சின்னக்கா அர்ச்சனைக் கடைப் பையனிடம் சோடா வாங்கி வரச் சொல்லி, விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, தானே இருவர் விவரத்தையும் தட்டினாள். பட்டறை அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் காகிதம் வர வர, தினமும் எல்லோருக்கும் படித்துக் காட்டுகிற பழக்கத்தில் சின்னக்கா படித்துக்கொண்டே போனாள். பெண் நட்சத்திரம் சித்திரை. ஆண் நட்சத்திரம் மிருகசீரிடம். இருவருக்கும் சிரசு ரஜ்ஜு. பொருத்தம் இல்லை. ஆணின் ஆயுளுக்குப் பங்கம். அந்த வரியையும் அதே வழக்கமான குரலில் படித்து முடித்த பிறகுதான், தான் யாரைப் பற்றிப் படிக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. பட்டறை அம்மா சோடாவைக் குடிக்காமல் எழுந்து போனார்.

மறுநாள் காலை அக்கா எங்கள் கடைக்குப் போன் செய்தார். “தம்பி, இன்னா வேலை இருந்தாலும் போட்டுட்டு வா. அதே பொண்ணு, அதே பையன். காலையில ஒண்ணு சொல்லுது, மத்தியானம் ஒண்ணு சொல்லுது.” நான் போனபோது நடை திறந்திருந்தது. மாப்பிள்ளையின் விவரத்தைத் தட்டினேன்: ரோகிணி. திரும்பத் தட்டினேன்: ரோகிணி. மிஷினை அணைக்காமல், அப்படியே உட்கார்ந்து காத்திருந்தோம். நடை சாத்தினார்கள். கூரை ஷீட் சூடேறி மடமடவென்று சத்தம் போட்டது. யாரும் எதையும் தொடவில்லை. மறுபடி தட்டினேன். திரையில் மிருகசீரிடம் என்று வந்தது. படித்தவன் நான், கம்ப்யூட்டர் என்பது கொடுத்ததைச் செய்கிற ஜடம் என்று பரீட்சையில் எழுதியவன். ஸ்டூலைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன்.

பயத்தைப் போக்கிக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி திருப்புளிதான். மூடியைக் கழற்றினேன். ரேம் என்பது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது கணக்கைப் பரப்பி வைத்துக்கொள்கிற பலகை. அதில் எந்த வகை என்று பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆனால் பார்க்க வேண்டும். மிகப் பழைய வகை குட்டையாக இருக்கும். சாய்த்துச் செருகி நிமிர்த்த வேண்டும். அதற்குப் பின் வந்தது, அக்காவின் மிஷினில் இருந்த வகை, நேராக அழுத்த வேண்டியது. இரண்டு பக்கத்து வெள்ளைக் கொக்கிகளும் தானாக வந்து பிடித்துக்கொள்ளும். அதன் பொற்பற்களுக்கு இடையில் இரண்டு வெட்டு இருக்கும். அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த வகைக்கு ஒரே வெட்டுதான். ஒன்றை மற்றதன் இடத்தில் செருக முடியாது, வெட்டு இடிக்கும். வெட்டும் நீளமும் பொருந்தி, உள்ளே போய் உட்கார்ந்தும் விடுகிற பலகைதான் ஆளை ஏமாற்றும். அதன் வேகத்தை வெட்டு காட்டாது. சிப்பின் முதுகில் பொடி எழுத்தில் நீளமாக ஒரு எண் இருக்கும். அதன் வாலைப் பார்க்க வேண்டும். அந்தக் கடைசி எண் ஒரு வேலைக்கு எடுக்கிற நேரம்; சிறியதாக இருந்தால் வேகம் அதிகம், பெரியதாக இருந்தால் மந்தம்.

அக்காவின் மிஷினில் இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்று வாங்கும்போதே வந்தது. இன்னொன்று, கூடுதல் வேகம் வரும் என்று சென்னையிலிருந்து யாரோ உறவுக்காரர் வாங்கி வந்து செருகியது. கடற்காற்று இந்தப் பக்கமெல்லாம் வரும். பற்களில் பூத்திருந்த கறுப்பைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தேன். இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு மிஷினைப் போட்டபோது, ரேம் இல்லாத மிஷின் வழக்கமாகப் போடுகிற நீண்ட கூவலைப் போட்டது. விட்டு விட்டு, மூச்சு வாங்கி வாங்கிக் கூவும். எனக்குப் பழகிய சத்தம்தான். சின்னக்கா காதைப் பொத்திக்கொண்டு தெருவில் போய் நின்றாள். ஒவ்வொன்றாகச் செருகி, சோதனை ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்தேன். மிஷினோடு வந்த பலகை சுத்தம். சென்னைப் பலகையில், கொஞ்சம் சூடு ஏறியதும் திரையில் பிழை காட்டும் சிவப்பு வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அதன் சிப்புகள் மேல் வேகம் நூற்று முப்பத்து மூன்று என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் எண்ணின் வாலில் பத்து என்று இருந்தது. அப்படியென்றால் ஸ்டிக்கர் சொன்னதில் பாதி வேகத்துக்குச் செய்த பலகை. குளிர்ச்சியாக இருக்கும் வரை எப்படியோ ஈடுகொடுத்து ஓடும். சூடேறினால் பலகையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் கணக்கின் ஒரே ஒரு புள்ளி தவறும். நட்சத்திரக் கணக்கு அந்த இடத்தில் பரவியிருந்தால் சந்திரன் கொஞ்சம் நகர்ந்துவிடும். ரோகிணியின் கடைசியில் பிறந்த பிள்ளை மிருகசீரிடத்துக்குள் போய் விழும்.

“அப்ப சாமி இல்ல, பூதம் இல்ல, சூடுதானா?” என்றார் அக்கா. ஆமாம் என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். நிம்மதியில் அழுகிறார் என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்து, “இதுவரைக்கும் மத்தியானத்துல வந்து வாங்கினு போனவங்கள்லாம்?” என்று கேட்டார்.

அன்று மாலையே அக்காவும் நானும் பஸ் ஏறி மாமல்லபுரம் போனோம். பட்டறை அம்மா பாதி செதுக்கிய ஒரு நந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கல்தூசி. நான் பலகையை எடுத்து, ஸ்டிக்கரையும் அடியில் இருந்த எண்ணையும் காட்டி, சூடு, வேகம், புள்ளி என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முடித்ததும் அவர் சுத்தியலால் நந்தியின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். மணி போலக் கேட்டது.

“நல்ல கல்லு இப்பிடிப் பேசும். உள்ள கீறல் இருந்தா பொத்துனு கேக்கும். இத எப்பிடித் தட்டிப் பாக்கறது?”

“நாளைக்கு மத்தியானம் வாங்கம்மா. உங்க கண்ணு முன்னாடியே ரெண்டையும் தட்டிக் காட்டறேன்.”

“நீ எந்த நட்சத்திரம்?”

எனக்கு நேரம் கிடையாது என்று சொன்னேன். கன்றுக்குட்டிக் கதையை அக்கா சொன்னார். பட்டறை அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லாத்தான் கீது. பொறந்த நேரமே இல்லாதவன் வந்து ஊர்ல கீறவன் தலையெழுத்த ரிப்பேர் பண்றேங்கறான்.” பட்டறையில் உளி பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் வருகிறேன் என்றார். ஒரு நிபந்தனை: யாருக்கு எடுப்பது என்பதை அவர்தான் சொல்வார்.

அப்படித்தான் நாங்கள் நான்கு பேரும் அந்த மதியம் கூடினோம். நடை சாத்தியிருந்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பட்டறை அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேதியையும் நேரத்தையும் சொன்னார். யாருடையது என்று சொல்லவில்லை. முதலில் நல்ல பலகையை மட்டும் செருகினேன். பிரிண்டர் கத்தி முடித்தது. சின்னக்கா படித்தாள். தீர்க்காயுள். எண்பதைத் தாண்டுவார். பேரன் பேத்தி எடுத்து, மடியில் வைத்துக் கொஞ்சுவார். பட்டறை அம்மா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அதை எடுத்துவிட்டுச் சென்னைப் பலகையைச் செருகினேன். சூடேறட்டும் என்று விசிறியை நிறுத்தினேன். நான்கு பேர் நெற்றியிலும் வேர்வை வழிந்தது. யாரும் துடைத்துக்கொள்ளவில்லை. அதே தேதி, அதே நேரம். பிரிண்டர் மறுபடி கத்தியது. சின்னக்காவின் குரல் இந்த முறை அடங்கியிருந்தது. மத்திமாயுள். எட்டில் சனி. வாகனத்தாலோ பாரமான பொருளாலோ கண்டம்.

நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். “பாத்தீங்களாம்மா? ஒரே ஆளு. ரெண்டு பேச்சு. அப்ப இது கெட்டதுதானே?” என்று மிஷினை அணைத்து, சென்னைப் பலகையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். என் குரலில் இருந்த உற்சாகம் இன்றும் எனக்குக் கேட்கிறது.

பட்டறை அம்மா இரண்டு காகிதங்களையும் மடியில் வைத்துத் தடவினார். “இவரு எங்க வூட்டுக்காரரு,” என்றார். “லாரியில கல்லு ஏத்தச் சொல்ல சங்கிலி அறுந்துபோச்சு. கல்லு சரிஞ்சு மேல வுழுந்துச்சு. என் புள்ளைக்கு அப்ப மீசை கூட மொளைக்கல.” முதலில் வந்த காகிதத்தை என் பக்கம் தள்ளி, “எம்பது வயசுன்னு சொல்ற உன் நல்லத நீயே வெச்சுக்கப்பா” என்றார்.

எனக்கு விளக்கம் தெரியும், இன்றும் தெரியும். ஜாதகம் போடுகிற அந்தப் புரோகிராமில் ஆயுளுக்கு மூன்றே மூன்று வகைதான் எழுதி வைத்திருந்தார்கள்: குறைவு, நடு, நீளம். எதையாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எட்டில் சனி என்றால் யாருக்கு எடுத்தாலும் அந்த வாகனமும் பாரமும் வரும். அக்காவுக்கே அந்த வாக்கியம் மனப்பாடம். அன்று அது பொருந்தியது தற்செயல். இதையெல்லாம் அங்கேயே சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எந்த எண், எந்த வேகம், எங்கே தவறுகிறது என்று எல்லாம் தெரிந்தவன், இரண்டில் எது கெட்டது என்று அந்த அம்மாவிடம் சொல்ல முடியாமல் நின்றேன். நல்ல பலகை செத்தவருக்குப் பேரன் பேத்தி கொடுத்திருந்தது.

முதலில் பேசியது சின்னக்காதான். “நான் கட்டிக்கறேம்மா. தெனமும் இந்த மிஷினத் தொடைக்கறவ நான். எனக்கு இதுங்கிட்ட பயம் இல்ல.”

“உனக்கு இல்லடி பொண்ணே. இன்னும் உன்னுதுன்னு ஒண்ணும் இல்ல, அதான் பயம் இல்ல,” என்றார் பட்டறை அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு சென்னைப் பலகையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். “இது எங்கூட வரட்டும். உள்ள குந்திகினு கீற வரைக்கும் எவனுக்காவது எதையாவது சொல்லிகினே இருக்கும்.” அக்கா தடுக்கவில்லை. அவர் தெருவில் இறங்கி, அந்த வெயிலில் செருப்பில்லாமல் பஸ் நிறுத்தம் வரை நடந்து போனதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பலகையைக் கடலில் விட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

மாப்பிள்ளையை நான் முதன்முதலில் பார்த்தது செங்கல்பட்டில், எங்கள் கடை வாசலில். கூப்பிடாத ஆள் தானாக வந்திருந்தார். கையெல்லாம் உளிக்காய்ப்பு, வாயெல்லாம் சிரிப்பு. “எனக்கு நாள் குறிச்ச டாக்டரு நீதானா மச்சான்?” என்று கேட்டு என் தோளில் தட்டினார். ரேம் எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னார். அதே வகையில் ஒன்றைக் காட்டினேன். விரல் நுனியால் சிப்பைத் தட்டிப் பார்த்து, “பொத்துனுதான் கேக்குது, உங்க ஊரு கல்லு அவ்ளோதான்” என்றார். ஆவணி மாதம், அம்மா சம்மதிக்காமலே, அவருக்கும் சின்னக்காவுக்கும் திருவிடந்தைக் கோயிலிலேயே கல்யாணம் நடந்தது. பெற்றவர்கள் இடத்தில் நின்று அக்கா தாரை வார்த்தார். பட்டறை அம்மா வரவில்லை. தன் பிள்ளை தாலி கட்டுகிற அந்த நேரத்தில் அவர் பட்டறையில் உட்கார்ந்து கல்லைத் தட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். பிள்ளையை அதற்குப் பிறகு வீட்டில் சேர்க்கவில்லை. முகத்தைப் பார்த்தால் நாள் எண்ணத் தோன்றுகிறது என்றாராம்.

அக்காவின் மிஷினுக்கு நான் சரியான பலகை போட்டுக் கொடுத்தேன். உச்சி நேரத்துக்கு வந்தவர்கள் கொஞ்ச நாள் வந்து பார்த்தார்கள். “இப்பல்லாம் மத்தியானமும் நல்லதாத்தான் சொல்லுது, இதுக்கு சக்தி போயிடுச்சு” என்று சலித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அக்கா ஒரு ஜெராக்ஸ் மிஷின் வாங்கிப் போட்டார். மதியத்தில் மட்டும் யாருக்கும் ஜாதகம் எடுப்பதில்லை. மின்சாரம் இல்லை என்று சொல்லிவிடுவார், தலைக்கு மேல் விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே.

பல வருடங்கள் கழித்து, மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்குக் கம்ப்யூட்டர் வேலையாகப் போனபோது சின்னக்கா வீட்டுக்குப் போனேன். ஊருக்கு வெளியே, பைபாஸ் பக்கம், தனிப் பட்டறை போட்டிருந்தார்கள். ஒரு பெண் குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சின்னக்கா உட்கார வைத்தாள். பழைய கதையெல்லாம் பேசினோம். திடீரென்று, “தம்பி, கரண்ட்ட நிறுத்திட்டா ரேம்ல இருக்கறது இன்னா ஆவும்?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் இருக்காதுக்கா. எல்லாம் போயிடும். மறுநாள் போட்டா காலியாத்தான் எழுந்திருக்கும்.”

“அப்ப தெனமும் ஒண்ணும் தெரியாமதான் எழுந்துச்சா அது?”

“ஆமா.”

“ஒண்ணும் தெரியாம எழுந்து, எப்பிடி தெனமும் ஒரே பேச்ச பேசுச்சு?”

பழுதான இடம் மாறாது, அதனால் ஒரே மாதிரிதான் தவறும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனால் பாதியிலேயே அவள் கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது. எழுந்து போய் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றாள். அடுப்பில் ஏதோ கருகுகிற வாசனை வந்தது; அவள் திரும்பவில்லை. நான் போய் அடுப்பை அணைத்தேன். கல்யாணமான முதல் மாதம் அவளுக்குப் பயம் ஒன்றும் இல்லையாம். ஒருநாள் மாப்பிள்ளையின் தலைமுடியில் இருந்த கல்தூசியைத் தட்டிவிடும்போது ஆரம்பித்ததாம். அன்றிலிருந்து நடை சாத்துகிற நேரத்தில் அவர் அவள் கண்ணெதிரில் இருக்க வேண்டும். எங்கே வேலையாக இருந்தாலும் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

வெயில் சாலையில் நெளிந்தது. ஒரு லாரி போனது. ஒரு வேன் போனது. மாப்பிள்ளையின் வண்டிச் சத்தம் மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நானும் எழுந்து அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தேன். எந்தச் சிப் எந்த வேகத்தில் தவறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன். கேட் கம்பி சுட்டதும் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வண்டி வளைவில் திரும்பியது. சின்னக்கா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் விட்டதும் கேட்டது.

மாப்பிள்ளை கை கழுவிவிட்டு என்னோடு இலையில் உட்கார்ந்தார். அதே சிரிப்புதான், காதோரம் நரைத்திருந்தது. வெளிநாட்டில் கோயில் கட்டுகிற வேலைக்கு இங்கிருந்து சிற்பிகளை அழைத்துப் போகிறார்களே, நீங்கள் போகவில்லையா என்று கேட்டேன். சின்னக்கா ரசம் எடுக்க உள்ளே போயிருந்தாள்.

“கூப்ட்டாங்க. மூணு வருஷ கான்ட்ராக்ட். போட்டோல்லாம் எடுத்து, பாஸ்போர்ட்டும் வந்துடுச்சு,” என்றார். “அங்க எனக்கு ராத்திரியா இருக்கச் சொல்ல இவளுக்கு இங்க உச்சி. எங்க இருந்து மூஞ்சக் காட்றது?”

சோற்றைப் பிசைந்தபடியே இடது கை விரல்களை மடக்கினார். “மாசம் நாப்பதாயிரம் மச்சான். முப்பத்தாறு மாசம்.” சின்னக்கா ரசச் சட்டியோடு வாசற்படியில் வந்து நின்றதை அவர் பார்க்கவில்லை. “பதினாலு லட்சத்து நாப்பதாயிரம்.”